மனோசக்தி ரூல் சொதப்பிய இடம்: உங்க டேபிள்ல நடந்ததைப் பகிருங்க

மூன்றாம்விழி:
ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு, பகடை உருட்டி ஆடுற ரோல்பிளே கேம். கதை: விண்கலத்தில் கொலை, சந்தேகத்துக்கு ஆறு பேர், குழுவில் ஒரு டெலிபாத், அதாவது மனசைப் படிக்கிற கேரக்டர். முதல் ஆள் உள்ளே வந்ததுமே பிளேயர், "இவன்தான் கொன்னானா? மனசைப் படிக்கிறேன்." பகடையும் நல்லா விழுந்துடுச்சு. கதையை நடத்துற ஜிஎம் ஆமான்னு சொன்னா கதை அங்கேயே முடிஞ்சது. இல்லைன்னா மிச்ச ஐந்து பேருக்கும் அதே உருட்டல். முழு செஷனுக்குத் தயாரிச்ச கதை அரை மணி நேரத்தில் காலி. பவர் விவரத்தில் இருந்தது ஒரே வரி: "எதிரில் இருப்பவரின் எண்ணங்களை அறியலாம்." கோளாறு அந்த வரியில்தான்.

அதை மூணு மட்டமாப் பிரிச்சு எழுதினா தாங்குது. உணர்ச்சிக்குச் செலவும் இல்லை, உருட்டலும் இல்லை. பயம், கோபம்னு ஒரே சொல்தான் கிடைக்கும். மேல்மட்ட எண்ணத்துக்கு 1 சக்திப் பாயிண்ட். அந்த நொடி மனசுல ஓடுற ஒரு காட்சியை ஜிஎம் ஒரு வாக்கியத்தில் சொல்வார். நினைவுக்கு 4 பாயிண்ட். ஆளைத் தொட்டுக்கிட்டுப் பத்து நிமிஷம் இருக்கணும், படிக்கிறது அவருக்கும் தெரிஞ்சிடும். நடு மட்டத்தில் கிடைக்கிறது எண்ணம், சாட்சியம் இல்லை. கதவைப் பூட்ட மறந்த காவலாளியும் "என்னாலதான் செத்தார்"னுதான் நினைப்பான்.

உங்க டேபிள்ல எந்தப் பவர் இப்படிக் கழுத்தை அறுத்தது?

இருபதுமுகம்:
டெலிகினிசிஸ், பொருளைத் தொடாமலே நகர்த்துற பவர். என்னிக்காவது ஒருநாள் வந்தே தீர்ற கேள்விதான்: "அவன் இதயத்தைப் பிடிச்சு நசுக்குறேன்." ரூலில் எடை வரம்பு 5 கிலோ, இதயம் அரைக் கிலோகூட வராது. பிளேயர் கேட்டதில் தப்பே இல்லை. ஜிஎம் "அதெல்லாம் முடியாது"ன்னதும் டேபிளே இறுகிப்போச்சு, ஏன்னா முடியாததுக்கான காரணம் ரூலில் எங்கேயும் இல்லை.

இதயத்துக்கு ஒரு வரி போதும்: கண்ணில் படாததைப் பிடிக்க முடியாது, உயிருள்ள உடம்புக்குள்ள சக்தி நுழையாது. அதைவிடப் பெரிய ஓட்டை வேகம். எடைக்கு மட்டும் வரம்பு வெச்சா 50 கிராம் இரும்புக் குண்டு தோட்டாவா மாறிடும். விசைக்கு வரம்பு வெச்சாலும் அதே கதைதான். 5 கிலோவைத் தூக்க ஏறக்குறைய 50 நியூட்டன் வேணும். அதே விசையை அந்தக் குண்டு மேல 10 மீட்டர் தூரத்துக்குச் செலுத்துங்க: 500 ஜூல், வேகம் நொடிக்கு 141 மீட்டர். இயற்பியல் தெரிஞ்ச பிளேயர் ஒருத்தர் இருந்தாப் போதும், இந்தக் கணக்கைப் போடாம விடமாட்டார்.

அதனால எடை 5 கிலோ, வேகம் நொடிக்கு 10 மீட்டர்னு ரெண்டையும் எழுதிடுங்க. அப்ப 5 கிலோ கல் 250 ஜூலோட வந்து மோதும், ஆளைச் சாய்ச்சிடும். 50 கிராம் குண்டுக்கு 2.5 ஜூல்தான், சுருக்குன்னு வலிக்கும், அவ்வளவே. இந்தக் கணக்கு டேபிளுக்கு வரவே வேண்டாம். ரூலில் காயத்துக்கு "பெரிய கல் 1டி8 (எட்டுமுகப் பகடை ஒண்ணு), கைக்கு அடக்கமானது 1"ன்னு இருந்தாச் சரி.

ஆளைத் தூக்க விடுற பவர்னா உயரத்துக்கும் வரம்பு எழுதணும். 20 மீட்டரிலிருந்து கைவிட்டா நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தரைக்கு வருவான். வேற எந்தத் தாக்குதல் பவரையும் அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க. 2 மீட்டர் கொடுங்க, தாராளம்.

எதிரி இடுப்பில் இருக்கிற கையெறி குண்டின் பின்னை இழுக்கலாமான்னு கேட்டா, இழுக்கட்டும். கண்ணுக்குத் தெரியுற பொருள், நுட்பமான வேலை, அதுக்குத் தனி உருட்டல். நல்ல யோசனைக்குப் பலன் கிடைக்கணும்.

வால்வெள்ளி:
@மூன்றாம்விழி, மூணு மட்டம் சரி. அந்தக் காவலாளியைத்தான் ஏத்துக்க முடியலை. அதே உத்தியை வெச்சு நடந்த ஒரு கேமில் டெலிபாத் மூணு பேர் மனசைப் படிச்சார், மூணும் பொய்த் துப்பு. கேம் முடியும்போது அவர் கேரக்டர் ஷீட்டில் 9 பாயிண்டில் 6 தொடாமலே கிடந்தது. "இதுக்குப் பதிலா பூட்டுத் திறக்கிற ஸ்கில் எடுத்திருக்கலாம்"னு சொல்லிட்டு ஷீட்டை மடிச்சு வெச்சுட்டார். பாயிண்ட் கொடுத்து வாங்கின பவர் பிளேயரை ஏமாத்தக் கூடாது.

மாத்த வேண்டியது பவரை இல்லை, கதையை. டெலிபாத் இருக்கிற உலகத்தில் கொலைகாரனுக்கும் அது தெரியும். கூலிக்கு ஆள் வெச்சிருப்பான், அந்தக் கூலியாளுக்கு முதலாளி யாருன்னே தெரியாது. இல்லைன்னா காசு கொடுத்துத் தன் நினைவையே அழிச்சிருப்பான். அழிச்ச இடம் வெற்றிடமாத் தெரியும், அதுவே ஒரு துப்பு. அடுத்தது சட்டம். மனசில் படிச்சதை நீதிமன்றம் ஏத்துக்காதுன்னு முதல் செஷனிலேயே சொல்லிடுங்க. டிராவலர்ங்கிற விண்வெளி கேமில் வர்ற பேரரசில் மனோசக்தி வெச்சிருக்கிறதே ஒடுக்கப்பட்ட விஷயம், அதனால பவரைப் பயன்படுத்தினதை வெளியே சொல்லவே முடியாது. கேள்வி "யார் கொன்னது?"ங்கிறதிலிருந்து "தெரிஞ்சதை எப்படி நிரூபிக்கிறது?"ங்கிறதுக்கு நகர்ந்துடும். டெலிபாத் பத்தாவது நிமிஷத்தில் கொலைகாரனைக் கண்டுபிடிக்கட்டும், நல்லதுதான். அதுக்கப்புறம் குறைஞ்சது மூணு ஆதாரம், ஒவ்வொண்ணும் வேற கேரக்டரின் திறமையால் கிடைக்கிற மாதிரி வெச்சிடுங்க. ஒருத்தர் பிடிச்ச நூலை நாலு பேரும் சேர்ந்து இழுக்கணும். எண்ணத்தைக் குழப்பமாச் சொல்றது ஜிஎம்முக்குச் சுலபம், ஆனா பிளேயரின் நம்பிக்கை போயிடும்.

மூன்றாம்விழி:
@வால்வெள்ளி மூணும் பொய்யா இருந்தா அது அந்த ஜிஎம் செஞ்ச வேலை, ரூலின் குறை இல்லை. ஆறு பேரில் ஒருத்தருக்கு மேல குற்ற உணர்வைச் சுமத்தக் கூடாது, அது என் வரம்பு. நினைவை அழிக்கிற வித்தை எடுத்துக்க வேண்டியது.

பழையசுருள்:
1978-இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விதிகளின் மனப்போர். இரண்டு மனோசக்தியாளர்கள் மோதினால் ஐந்து தாக்குதல் முறைகள், ஐந்து தற்காப்பு முறைகள். இரண்டையும் அட்டவணையில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு சுற்று ஒரு நிமிடம்; மனப்போர் அதன் பத்தில் ஒரு பங்கான ஆறு நொடிக் கூறுகளில் நடக்கும். வாள் வைத்திருந்தவர் தன் முறைக்காகப் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் தலைகுனிந்து அட்டவணை பார்த்தார்கள். அவர் முறை வந்தபோது எதிரி கீழே கிடந்தான்.

அந்த விதியில் சக்தி கிடைப்பதே அதிர்ஷ்டம். புத்தி, ஞானம், கவர்ச்சி ஆகியவற்றில் ஒன்றாவது 16 இருந்தால்தான் நூறுபகடை (1 முதல் 100 வரை) உருட்டவே அனுமதி, அதிலும் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. அரிதாகக் கிடைப்பதால் வலுவாக இருக்கலாம் என்பது நூறு கேரக்டர்களுக்குப் பொருந்தும் நியாயம். கிடைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. டிராவலர் 1977-இலேயே விலை வைத்தது: 2டி6 உருட்டி, பணியில் கழித்த ஒவ்வொரு நான்காண்டுக்கும் 1 கழிக்க வேண்டும். அனுபவசாலிக்குச் சக்தி குறைவு, இளையவருக்குத் திறமை குறைவு. அது நேர்மையான பேரம்.

மனப்போர் வேண்டுமென்றால் சுற்றுக்கு ஓர் எதிர் உருட்டல் (இருவரும் உருட்டி ஒப்பிடுவது) போதும், அதுவும் மற்றவர்களின் சுற்றோடு சேர்ந்தே. போராடுகிறவர் அசைய முடியாமல் நிற்பார். அவர் உடலைக் காப்பது தோழர்களின் வேலை.

கரித்துண்டு:
டார்க் ஹெரசி கேம்ல மனோசக்தியால மெழுகுவத்தி ஏத்தப் போய் விபரீதம் ஆன கதை எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும். உருட்டுற டி10-ல ஒரு 9 வந்தாலே விபரீத அட்டவணை. 1 பகடைக்கு 10%, 3-க்கு 27%, 6-க்கு 47%. அந்த அட்டவணையில 75 அல்லது மேல வந்தா கொடூரமான ரெண்டாவது அட்டவணை. 3 பகடையில அங்க போய்ச் சேர 7%. ஒரு செஷன்ல நாலு பேர் ஆளுக்கு நாலு தடவை உருட்டுனா அந்த ரெண்டாவது அட்டவணை ஒரு தடவையாவது வர ஏறக்குறைய 69%. ஆபத்து அந்த உலகத்துக்குப் பொருத்தம்தான். ஆனா சில்லறை வேலைக்கு உருட்டச் சொல்லாதீங்க. மெழுகுவத்தி சும்மா எரியட்டும்.

சிறுபகடை:
2020-ல் டி அண்ட் டி மனோசக்திக்காகச் சோதனைக்கு விட்ட சுருங்கும் பகடை யாருக்காவது நினைவிருக்கா? டி6-ல் தொடக்கம். உச்ச எண் வந்தா பகடை ஒரு படி சின்னதாகும். 1 வந்தா ஒரு படி பெரிசாகும், ஆனா தொடக்க அளவைத் தாண்டாது. டி4-ல் 4 வந்தா நீண்ட ஓய்வு வரைக்கும் சக்தி இல்லை. முதல் சண்டை, முதல் உருட்டல் 6, அடுத்தது 4. டேபிளே கைதட்டுது, பிளேயர் மட்டும் "முடிஞ்சதா?"ன்னு கேட்டார். முடிஞ்சது. மிச்ச நாள் முழுக்க வெறும் ஆள்.

கணக்குப் போட்டா சராசரி நல்லாவே இருக்கு: டி6-ல் தொடங்கி 16 உருட்டல் தாங்கும். ஆனா ரெண்டே உருட்டலில் போயிடுறதுக்கு 24-ல் ஒரு வாய்ப்பு. அதே வருஷம் புத்தகமா வந்தப்ப அந்த முறையை விட்டுட்டாங்க. மூணாம் லெவலில் நாலு டி6, செலவு செஞ்சா ஒண்ணு குறையும்.

உத்தி பிடிச்சிருக்குன்னா ஒரு திருத்தம் போதும்: டி4-ல் 4 வந்தா சக்தி போகாம, அடுத்த தடவை பயன்படுத்த 1டி6 காயம் வாங்கணும். கதவு மூடாது, விலை ஏறும்.

மௌனநதி:
@சிறுபகடை நாலு டி6-ஓ பாயிண்ட்டோ, செலவழிச்சுத் தீர்க்கிற எந்த முறையிலும் ஒரே நோய்தான்: முதல் அறையில் எல்லாத்தையும் கொட்டிட்டு "இங்கேயே படுத்துத் தூங்கலாம்"பாங்க. ஸ்டார்ஸ் வித்தவுட் நம்பர் கேமின் வழி நல்ல வழி. உச்ச மனோதிறன் லெவல் + 1 + ஞானம், உடல்திறன் ரெண்டில் பெரிய மாடிஃபையர் (அந்தக் குணத்துக்கான கூட்டல் எண்), அவ்வளவு எஃபர்ட், அதாவது சக்தி இருப்பு. பவரைப் பயன்படுத்தினா எஃபர்ட் பூட்டப்படும். சிலது காட்சி முடியும் வரை, சிலது நாள் முழுக்க. கையில் 3 வில்லை கொடுங்க, பூட்டினதை ஷீட் மேல வைக்கட்டும். பாயிண்ட் எழுதி அழிக்கிற வேலை மிச்சம்.

இன்னும் யாரும் தொடாதது மன ஆதிக்கம். எதிரி ஒரு பிளேயரின் கேரக்டரை வசப்படுத்தி, "உன் நண்பனைக் குத்து"ன்னு ஜிஎம் சொன்னார். அந்த பிளேயர் பகடையை மேசை நடுவில் தள்ளிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கிட்டார். அவருக்குச் செய்ய ஒண்ணுமே மிச்சமில்லை.

கட்டளையை எப்பவும் ரெண்டு வழியாக் கொடுங்க. கீழ்ப்படிஞ்சா அந்தச் செயலை பிளேயரே விவரிப்பார், ஒரு மறுஉருட்டலும் கிடைக்கும். மறுத்தா 1டி6 மனக்காயம், ஆனா அந்தச் சுற்று முழுக்க அவருடையது. ஒரு சுற்றுக்கு ஒரே கட்டளை, ஒரே வினைச்சொல்: ஓடு, போடு, நில், தாக்கு. இப்படி ஒரு பவர் கேமில் வரும்னு கேரக்டர் உருவாக்கும்போதே சொல்லி, வேண்டாம்னு யாராவது சொன்னா என்பிசி (ஜிஎம் ஆடுற கேரக்டர்) மேல மட்டும் வேலை செய்யும்னு மாத்திடுங்க. பவரின் மத்த வரிகள் அப்படியே இருக்கலாம்.