4கே கல்யாண வீடியோ எடிட்டிங் லேப்டாப்: ரைசன் 7 + 4060 ஆ, ஐ5 + 4050 ஆ?

செட்டிநாடு_எடிட்ஸ்
வணக்கம் அண்ணே எல்லாருக்கும். காரைக்குடி பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன், சொந்தமா ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப கையில இருக்குறது ஐ5 8வது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், உள்ள ஹார்டு டிஸ்க் தான். ஃபுல் எச்டி வந்துட்டு இருந்த வரைக்கும் எப்படியோ ஓட்டிட்டேன், இப்ப எனக்கு வேலை குடுக்குற ஸ்டுடியோல சோனி ஏ7எம்4 ரெண்டு வாங்கிட்டாங்க, ஃபுட்டேஜ் எல்லாம் 4கே. ப்ரீமியர் ப்ரோ டைம்லைன்ல போட்டு ப்ளே குடுத்தா கெட்டிமேளம் சத்தம் மட்டும் ஓடுது, படம் மாப்பிள்ளை தாலிய கையில எடுத்ததுலயே நிக்குது. தாலி கட்டுற அந்த ஒரு ஷாட்ட கட் பண்ண முந்தாநாள் ராத்திரி முக்கா மணி நேரம் ஆச்சு.

பட்ஜெட் 1 லட்சம், அதுக்கு மேல சுத்தமா முடியாது. கடைல ரெண்டு காட்டுனாங்க. ஒண்ணு ரைசன் 7 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. இன்னொண்ணு ஐ5 13வது ஜெனரேஷன், ஆர்டிஎக்ஸ் 4050, விலை கொஞ்சம் கம்மி. ரெண்டுலயும் 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி. கடைக்காரர் 4060 தான் எடிட்டிங்குக்குனு அடிச்சு சொல்றாரு. ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள வாங்கணும், எது எடுக்கட்டும்?

பழைய_மிக்ஸிங்_ஆளு
தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லு, கேமராவுல என்ன செட்டிங்ல எடுக்குறாங்க? 4கேன்னு மட்டும் சொன்னா பத்தாது. எக்ஸ்ஏவிசி எஸ்ஸா எச்எஸ்ஸா (சோனியோட ரெக்கார்டிங் ஃபார்மட்), 4:2:0 வா 4:2:2 வா (கலர் விவரம் எவ்வளவு சேமிக்குதுங்கறது, 4:2:2 ல அதிகம்), 8 பிட்டா 10 பிட்டா. ஸ்டுடியோல கேட்டுட்டு வா, அதத் தெரிஞ்சுக்காம கார்டு நம்பரப் பத்தி பேசுறதுல பிரயோஜனமே இல்ல.

செட்டிநாடு_எடிட்ஸ்
கேட்டுட்டேன் அண்ணே. எக்ஸ்ஏவிசி எச்எஸ், 50 ஃப்ரேம், 4:2:2 10 பிட், 200 எம்பிபிஎஸ். ரெண்டு கேமராவும் அதே தானாம்.

பழைய_மிக்ஸிங்_ஆளு
அப்ப நீ அந்த ரைசன் + 4060 பக்கமே போகாத தம்பி.

காரணம் சொல்றேன், பொறுமையா படி. எச்எஸ்னா எச்.265 கோடெக். ஃபைல சின்னதாக்க ரொம்ப அழுத்தி வைக்கிற கோடெக், அதனால நீ ப்ளே குடுக்குற ஒவ்வொரு தடவையும் மெஷின் அத பிரிச்சாகணும். அந்த வேலைக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு டீகோடர் இருக்கும், அது செஞ்சா வெண்ணெய் மாதிரி போகும். அதால முடியாத ஃபார்மட்னா மொத்த பாரமும் ப்ராசஸர் தலைல விழும், அங்க தான் உனக்கு படம் நிக்குது. 4:2:2 10 பிட் எச்.265 ஐ ஆர்டிஎக்ஸ் 4000 சீரிஸ் வரைக்கும் எந்த என்விடியா கார்டும் டீகோட் பண்ணாது, 4050 ஆனாலும் சரி 4090 ஆனாலும் சரி. ரைசனுக்குள்ள இருக்குற கிராபிக்ஸும் பண்ணாது. ஆக நீ கேட்ட முதல் லேப்டாப்ல இந்த ஃபைல தூக்குறதுக்கு ஆளே கிடையாது, காச கூட போட்டு வாங்கிட்டு அதே இடத்துல தான் நிப்ப.

இன்டெல்ல 11வது ஜெனரேஷன்ல இருந்து உள்ளயே இருக்குற கிராபிக்ஸ் (குயிக் சிங்க்னு சொல்வாங்க) இத தூக்கும். அதனால உனக்கு ஐ5 + 4050 தான், விலையும் கம்மி. கலர், எஃபெக்ட்ஸ் எல்லாம் 4050 பாத்துக்கும், 6 ஜிபி விஆர்ஏஎம் (கார்டோட சொந்த மெமரி) கல்யாண வேலைக்கு ஓடும். ஆர்டிஎக்ஸ் 5000 சீரிஸ்ல என்விடியாவே 4:2:2 டீகோடிங் கொண்டு வந்துட்டான், உன் பட்ஜெட்டுக்குள்ள 5050 கிடைச்சா அதயும் பாரு, அப்ப ரைசனா இருந்தாலும் பயமில்ல.

வாங்குன உடனே ரெண்டு வேலை. ப்ரீமியர்ல ப்ரிஃபரன்சஸ், மீடியாவுக்குள்ள போயி ஹார்டுவேர் டீகோடிங்ல இன்டெல் டிக் ஆயிருக்கான்னு பாரு. கேமிங் லேப்டாப்ல இன்டெல் கிராபிக்ஸ ஆஃப் பண்ற ஒரு மோடு குடுத்திருப்பான், அதுல மாட்டிக்காம ஹைப்ரிட்ல வை.

கோவை_கலரிஸ்ட்
அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. நான் ஸ்க்ரீன் பத்தி சொல்றேனுங்க தம்பி, இத யாருமே கேக்க மாட்டாங்க. இந்த விலைல வர்ற நிறைய லேப்டாப்ல டிஸ்ப்ளே 45 சதவீதம் என்டிஎஸ்சி தான் இருக்கும், அதாவது எஸ்ஆர்ஜிபில (டிவி, ஃபோனெல்லாம் பொதுவா காட்டுற கலர் அளவு) மூணுல ரெண்டு பங்கு கலர் கூட காட்டாது. என்னோட முதல் லேப்டாப் அப்படித்தான். அரக்கு பட்டுப்புடவை அதுல செங்கல் கலர்ல தெரிஞ்சுது, நான் சாச்சுரேஷன ஏத்தி ஏத்தி வச்சு ஹைலைட்ஸ் குடுத்துட்டேன். பொண்ணு வீட்டு டிவில போட்டா எல்லார் மூஞ்சியும் செக்கச்செவேல்னு இருக்கு, அந்தப் பொண்ணு ஃபோன்ல அழுதுச்சுங்க. முழுசா திரும்ப கிரேட் பண்ணிக் குடுத்தேன். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபின்னு கம்பெனி சைட்ல அந்த மாடல் நம்பருக்கு நேரா போட்டிருக்கணும், கடைக்காரர் வாய்ல சொன்னா நம்பாதீங்க, ஒரே பேர்ல ரெண்டு மூணு பேனல் வரும்.

ரெண்டர்_ராசா
ப்ரோ மேக்புக் ஏர் எம்4 யோசிக்கலயா? வந்தப்ப 99,900, 16 ஜிபி ரேம், 4:2:2 ஃபைல் எல்லாம் ப்ராக்ஸி (எடிட் பண்ண மட்டும் போடுற சின்ன சைஸ் காப்பி) இல்லாமயே ஓடும், சார்ஜர் போடாட்டியும் ஸ்பீடு குறையாது. நான் மண்டபத்துல உக்காந்தே ரிசப்ஷனுக்கு டீசர் கட் பண்ணி எல்இடி வால்ல போடுறேன், கேமிங் லேப்டாப்ப கரண்ட் இல்லாம ஓட்டுனா பாதி வேகம் கூட வராது. ஆனா 256 ஜிபி தான், ரேம் பின்னாடி ஏத்த முடியாது, ஃபேன் கிடையாதுங்கறதால ரெண்டு மணி நேர ஃபுல் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டா சூடாகி வேகம் இறங்கும், இதெல்லாம் தெரிஞ்சு தான் எடுக்கணும்.

பழைய_மிக்ஸிங்_ஆளு
ராசா சொல்றதும் நல்ல சாய்ஸ் தான், ஆனா தம்பிக்கு முழு நீள வீடியோ தான் அதிகம் இருக்கும்னு நெனக்கிறேன். ஸ்டோரேஜ் கணக்கு போட்டுக்க தம்பி. 200 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 25 எம்பி, மணிக்கு 90 ஜிபி. ரெண்டு கேமரா, ஆளுக்கு அஞ்சு மணி நேரம் ஓடுனாலே ஒரு கல்யாணம் 900 ஜிபி, உன் 512 எஸ்எஸ்டிக்குள்ள நுழையவே நுழையாது. ஒரு 2 டிபி வெளி எஸ்எஸ்டிக்கு இப்பவே காசு ஒதுக்கி வை. ஸ்டுடியோ அண்ணங்கிட்டயும் பேசிப் பாரு, பந்தி, மொய் எழுதுறது, வரவேற்புல நிக்கிறது இதுக்கெல்லாம் 4:2:2 எதுக்கு? 4:2:0 10 பிட்டுக்கு மாத்துனா மணிக்கு 20 ஜிபிக்கு மேல மிச்சம், அத எந்த ஆர்டிஎக்ஸ் கார்டும் டீகோட் பண்ணும்.

ஆவணி வரைக்கும் பழைய லேப்டாப்ல ப்ராக்ஸி போட்டு ஓட்டு. ராத்திரி படுக்கப் போறப்ப ப்ராக்ஸி போட்டுட்டு போ, காலைல ரெடியா இருக்கும்.

செட்டிநாடு_எடிட்ஸ்
அண்ணே, அக்கா, ப்ரோ எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேவகோட்டைல ஒரு பிரண்டு கிட்ட ஐ7 12வது ஜெனரேஷன் இருக்கு, நேத்து என் மெமரி கார்டோட போயி அவன் ப்ரீமியர்ல அதே தாலி கட்டுற கிளிப்ப போட்டுப் பாத்தேன். டாஸ்க் மேனேஜர்ல இன்டெல் கிராபிக்ஸ்ல வீடியோ டீகோட்ங்கற கிராஃப் மேல ஏறுது, ப்ராசஸர் சும்மா இருக்கு, படம் ஒரு இடத்துல கூட நிக்கல. ப்ரிஃபரன்சஸ்ல இன்டெல் டிக்க எடுத்துட்டுப் பாத்தேன், உடனே திக்க ஆரம்பிச்சுருச்சு. ஐ5 மாடல் நம்பர வச்சு சைட்ல பாத்துட்டேன் அக்கா, 100 எஸ்ஆர்ஜிபி பேனல் உள்ளது காரைக்குடில இல்ல, மதுரைல இருக்கு, வெள்ளிக்கிழமை போறேன்.

பழைய_மிக்ஸிங்_ஆளு
நல்லது தம்பி. பில் போடுறதுக்கு முன்னாடி ரெண்டாவது ரேம் ஸ்லாட் காலியா இருக்கான்னு கேட்டுக்க, 4கேக்கு ப்ரீமியர் 32 கேக்கும், பின்னாடி இன்னொரு 16 போட்டுக்கலாம்.