முழங்கால் தண்ணீரில் விராலுக்கு எந்த லூர் (செயற்கை இரை) போட்டீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

கரைமேடு:
கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது, மண்டி எல்லாம் படிந்து தண்ணீரில் அடிமண் தெரிகிறது. அல்லி இலைகளுக்கு நடுவே பச்சை ரப்பர் தவளையை இழுத்து வருகிறேன், பின்னாலேயே தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு கோடு. பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் இழுப்பதை நிறுத்தினேன், அதுவும் நின்றுவிட்டது. தவளைக்கு ஒரு சாண் பின்னால், பக்கத் துடுப்பு இரண்டையும் மெல்ல விசிறியபடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. கீழ்த்தாடையின் வெளுப்புகூட எனக்குத் தெரிந்தது. தூண்டில் கோலின் நுனியை லேசாக ஆட்டினேன். மிரளவில்லை, பின்பக்கமாகவே இறங்கி இலைக்கடியில் போய்விட்டது. அப்புறம் சின்னத் தவளை, தகடு சுழலும் ஸ்பின்னர் எல்லாம் போட்டாயிற்று, அசையவே இல்லை. நின்று பார்த்துவிட்டுப் போன விராலை யாராவது எடுத்திருக்கிறீர்களா? எதில் எடுத்தீர்கள்?

செம்மண்குளம்:
நிறம்தான் காரணம். எனக்கு மழைக்குப் பிறகு தண்ணீர் செக்கச்செவேல் என்று கலங்கிக் கிடந்தபோது வெள்ளை, மஞ்சள் எதையும் சீண்டவில்லை. வாலில் தகடு சுற்றும் கறுப்புத் தவளையை மாட்டினேன், கரைப்புல்லை ஒட்டி முதல் இழுப்பிலேயே "களக்" என்று ஒரு சத்தம், தவளையைக் காணோம். மீனைப் பார்க்கும் முன்பே சத்தம்தான் கேட்டது, அது இன்னும் காதில் இருக்கிறது. கீழே இருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வானத்து வெளிச்சத்தில் கறுப்புதான் பளிச்சென்று தெரியும். சத்தம் கேட்டவுடனே வெட்டி இழுக்காதீர்கள், ராடை (தூண்டில் கோலை)த் தாழ்த்தி, தூண்டில் நரம்பு இறுகிய பிறகு அடியுங்கள்.

பழையதூண்டில்:
செம்மண்குளம் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கலங்கிய தண்ணீரில் அது கறுப்பைப் பார்த்து வரவில்லை, தகடு சுற்றும் அதிர்வைக் கேட்டு வந்தது. விராலுக்கு உடம்பின் பக்கக்கோடு முழுக்க அதற்குத்தான் இருக்கிறது. கரைமேடு சொல்வது தெளிந்த தண்ணீர், அங்கே கதையே வேறு. அங்கே மீனுக்கு நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது, வெற்றுத் தவளை அசையாமல் மிதந்தால் அது ரப்பர் என்று தெரிந்துவிடும்.

நான் எடுத்தது ஈயமே இல்லாத ரப்பர் மீனில், இரண்டு அங்குலம், வெள்ளி நிறம், தூண்டில் முள் வெளியே தெரியாமல் உடம்புக்குள் மறைத்துக் குத்தியது. தண்ணீரில் போடவில்லை, தாமரை இலை மேலே போட்டுவிட்டு விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இலை கீழே இருந்து ஒரு முட்டு வாங்கியது. இலை மட்டும்தான் ஆடியது, சுற்றிலும் ஒரு அலை இல்லை. மெல்ல விளிம்புக்கு நகர்த்தி நழுவ விட்டேன், தண்ணீரைத் தொட்ட இடத்திலேயே உறிஞ்சிவிட்டது. ஏன் ரப்பர் மீன் என்றால், கோடையில் விரால் தின்பது பெரும்பாலும் ஜிலேபி மீன் குஞ்சு. 1952இல்தான் ஜிலேபி இந்தியாவுக்குள் வந்தது, இன்று கண்மாய் ஓரத்தில் எங்கே குனிந்தாலும் அதுதான். மீன் எதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பார்க்காமல் பெட்டியில் இருக்கிற நிறத்தை மாற்றி மாற்றிப் போட்டு என்ன பயன்?

அல்லிக்கொடி:
லூர் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், எனக்கு மனசை விட்டுப் போகாதது வேறு. ஆழமே இல்லாத ஒரு ஓரத்தில் சிவப்பு நிற விரால் குஞ்சுகள் கூட்டமாகப் பொங்கிப் பொங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு நடுவே பாப்பரை (மேலே மிதந்து சத்தம் எழுப்பும் லூர்) போட்டார். காவலுக்கு நின்ற பெரிய விரால் அதைத் தின்ன வரவில்லை, வாயால் இடித்துத் தள்ளியது. திரும்பப் போட்டார், திரும்ப இடித்தது. அடுத்ததில் மாட்டிக்கொண்டது. அவர் மீனைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். குஞ்சுக் கூட்டம் கலைந்து போய், ஜிலேபிகள் உள்ளே புகுந்து தின்ன ஆரம்பித்தன. குஞ்சு மேல் எந்த லூர் போட்டாலும் அடிக்கும், அதை வைத்து இந்த லூர் நல்லது என்று யாரும் எழுதாதீர்கள்.

செம்மண்குளம்:
அல்லிக்கொடி சொல்வது சரி, குஞ்சோடு இருப்பதை விட்டுவிட வேண்டும். ஆனால் பழையதூண்டில், அதிர்வு மட்டும்தான் காரணம் என்றால், அதே தகடு வைத்த வெள்ளைத் தவளையை ஏன் தொடவில்லை? அதே ஓரம், அதே இழுப்பு.

ஓடைக்காரன்:
எனக்கும் ஒரு விரால் தவளையை ஆள் உயரத்துக்குத் தூக்கி அடித்துவிட்டு முள்ளில் ஏறாமல் போயிருக்கிறது. அதை விடுங்கள், புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். கொடிக்குள் போடுவதென்றால் மெல்லிய நரம்பு வேண்டாம், 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு) போடுங்கள், மாட்டியதும் கொடிக்குள் தலையை விட்டு ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும், அங்கே இழுத்து எடுக்கப் பலம் வேண்டும். வாங்கும்போது தவளையின் வயிற்றை விரலால் அமுக்கிப் பாருங்கள், அமுங்கியவுடன் இரண்டு முள்ளும் வெளியே வர வேண்டும், வராத ரப்பர் எவ்வளவு அழகாக இருந்தாலும் மீன் நழுவிவிடும். அடி வாங்கிய தவளைக்குள் தண்ணீர் ஏறியிருக்கும், ஒவ்வொரு முறையும் பிதுக்கி விடுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் தாழ்ந்து சரியாக மிதக்காது. முழங்கால் தண்ணீரில் மீன் தெரிகிற இடத்திலேயே போடாதீர்கள், தாண்டிப் போட்டு அதன் பக்கமாக இழுத்து வாருங்கள், நிழலும் தண்ணீர் மேல் விழக்கூடாது. நிறையக் கண்மாய்கள் குத்தகையில் இருக்கின்றன, எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். முள்ளைக் கழற்ற விரலை உள்ளே விடாதீர்கள், பல் கூர்மை, நீள மூக்குக் குறடு வைத்துக்கொள்ளுங்கள்.

கரைமேடு:
தாமரை இலை மேலே விடுவது நான் யோசிக்காதது. பழையதூண்டில், இலையில் எவ்வளவு நேரம் விட்டீர்கள்? காற்று இருந்தால் நரம்பு இழுத்துவிடாதா?

பழையதூண்டில்:
காற்று இருந்தால் நரம்பைப் பக்கத்து இலை மேலே படுக்கப் போடுங்கள், தண்ணீரில் படாது. நேரம் கணக்கில்லை, இலை ஆடும் வரைக்கும் விடுங்கள். செம்மண்குளத்துக்கு: வெள்ளையைப் போட்டபோது மீன் அந்த ஓரத்தில் இருந்தது என்று எப்படித் தெரியும்?