கரண்ட் இல்லாத நாளில் காரை வைத்து இன்வெர்ட்டர் பேட்டரியை ஏத்தலாமா?

தென்பெண்ணைக்கரை:

அரூர் பக்கம் கிராமம். 2024 டிசம்பர் தொடக்கத்துல பெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ., அரூர்ல 33 செ.மீ. கொட்டுச்சே, அது மாதிரி மறுபடி வந்து கம்பம் சாஞ்சா கரண்ட் எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்கு இப்பவே தயாராகணும். வீட்ல 900 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் (ஆம்ப்-மணி) டியூபுலர் பேட்டரி ஒண்ணு. ஓடறது ரெண்டு பிஎல்டிசி ஃபேன் (கம்மி கரண்ட் இழுக்கிற வகை), நாலு எல்இடி பல்பு, வைஃபை ரூட்டர். கார் 1.2 லிட்டர் பெட்ரோல், பிஎஸ்6. கார் நிக்கிற இடத்துக்கும் பேட்டரிக்கும் 6 மீட்டர். ஜம்பர் கேபிளை நேரா மாட்டி இன்ஜினை ஓடவிட்டா ஏறுமா? எத்தனை மணி நேரம் ஓட்டணும்? காருக்கு ஏதும் கெடுதல் வருமா?

செப்புக்கம்பி:

ஏறும், ஆனா நீங்க நினைக்கிற அளவு ஏறாதுங்க. 6 மீட்டர் தூரம்னா போக வர 12 மீட்டர் கம்பி. 6 ஸ்கொயர் எம்எம் செம்புன்னாலே கிளிப்பையும் சேர்த்து 0.04 ஓம் வந்துடும். காலியான பேட்டரியில மாட்டினதும் முதல் சில நிமிஷம் 30, 40 ஆம்ப் ஓடும், கேபிள் சுடும். பேட்டரி 13.5 வோல்ட்டைத் தாண்டினதும் 15 ஆம்ப், அப்புறம் 10ன்னு இறங்கிடும். டியூபுலருக்கு வேண்டிய 14.4 வோல்ட் அந்த முனைக்கு வந்து சேரவே சேராது.

கேபிள் வாங்கும்போது கவரில் போட்டிருக்கிற "500 ஆம்ப்"பை நம்பாதீங்க. முனையில ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். விரல் மொத்தத்துக்கு ரப்பர் இருக்கும், நடுவுல கம்பி பென்சில் முனை அளவுதான் இருக்கும்.

பிஎஸ்6 காரில் இன்னொரு சிக்கல். பல மாடல்ல ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுத்தி கரண்ட் எடுக்கிற பாகம்) வோல்டேஜை ஈசியூ, அதாவது காரோட கம்ப்யூட்டர் தான் தீர்மானிக்குது. கார் பேட்டரி நிரம்பிட்டதுன்னு தெரிஞ்சா 12.6, 13 வோல்ட்டுக்கு இறக்கிடும். அப்ப வீட்டு பேட்டரிக்கு ஒண்ணும் போகாது. சில கார்ல ஹெட்லைட் போட்டா 14க்கு மேல ஏறும், சிலதுல ஏறாது. மீட்டர் வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். நெகட்டிவ் கிளிப்பை கார் பேட்டரி முனையில போடாம இன்ஜின் எர்த்லயோ பாடி எர்த்லயோ போடுங்க. நெகட்டிவ் முனையில கரண்ட் சென்சார் இருக்கிற கார்ல, நேரா முனையில போட்டா வெளிய போற கரண்டால அதோட கணக்கு தப்பாயிடும்.

ஜம்பரை மாட்டி வெச்சுக்கிட்டு மட்டும் செல்ஃப் அடிக்காதீங்க. ஸ்டார்ட்டர் இழுக்கிற நூத்துக்கணக்கான ஆம்ப்ல ஒரு பங்கு வீட்டு பேட்டரியில இருந்து அந்த மெல்லிசு கம்பி வழியா பாயும். இன்ஜின் ஓட ஆரம்பிச்ச பிறகு மாட்டணும், நிறுத்தறதுக்கு முன்னாடி கழட்டணும்.

பர்கூர் வோல்ட்:

செப்புக்கம்பி அண்ணன் சொன்னது சரி. சரியான வழி 12க்கு 12 வோல்ட் டிசி-டிசி சார்ஜர், 20 ஆம்ப். கார் பக்கம் 13 வோல்ட் வந்தாலும் அது 14.4ஆ ஏத்திக் கொடுக்கும். 20 ஆம்ப் வெளிய கொடுக்க உள்ள 24 ஆம்ப் இழுக்கும். 10 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போட்டா 6 மீட்டருக்கு அரை வோல்ட்டுக்குள்ள தான் இறக்கம், அதை சார்ஜரே சமாளிச்சுக்கும். சார்ஜரை வீட்டு பேட்டரி பக்கத்துல வைங்க, இறக்கம் எல்லாம் கார் பக்கமே நிக்கட்டும். கார் பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 40 ஆம்ப் ஃபியூஸ், சார்ஜருக்கும் வீட்டு பேட்டரிக்கும் நடுவுல 30 ஆம்ப். வீட்டு முனையில மட்டும் ஃபியூஸ் போட்டுட்டு கார் முனையை விட்டுடறாங்க. கதவு இடுக்குல ஒயர் நசுங்கினா தீப்பிடிக்கிறது அந்த விட்டுப்போன முனையால தான்.

கார் 10, 15 மீட்டர் தள்ளி நின்னா டிசி ஒயர் வேண்டாம். 600 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டரை பானெட்டுக்குள்ள ஒரு மீட்டர் தடிமனான ஒயர்ல கார் பேட்டரியோட மாட்டி, அதுல இருந்து சாதாரண 230 வோல்ட் எக்ஸ்டென்ஷனை வீட்டுக்குள்ள இழுத்து, 15 ஆம்ப் பேட்டரி சார்ஜரை ஓட்டுங்க. 230 வோல்ட்ல ஒண்ணு, ஒண்ணரை ஆம்ப் தான் ஓடும், இறக்கம் கணக்கிலயே வராது. ரெண்டு தடவை மாத்தறதால கால்வாசி மின்சாரம் வீணாகும், அதைப் பொறுத்துக்கலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல மாட்டாதீங்க, அதோட ஃபியூஸ் 10, 15 ஆம்ப் தான்.

அந்த 230ஐ வீட்டு இன்வெர்ட்டரோட மெயின்ஸ் பின்ல கொடுக்கலாமான்னு பல பேர் கேப்பாங்க. கொடுத்தா கரண்ட் வந்துட்டதா நினைச்சு வீட்டு லோடு முழுசையும் அந்தச் சின்ன இன்வெர்ட்டர் தலையில கட்டிடும். தனி சார்ஜர் தான் நல்லது. சுவர் பிளக்ல திருப்பிக் கொடுக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. கம்பத்துல ஏறி வேலை செய்யற லைன்மேன் உயிர் அது.

நேரத்துக்கு வருவோம். உங்க லோடு 105 வாட், இன்வெர்ட்டர் தின்றதையும் சேர்த்தா பேட்டரியில 12 ஆம்ப். பாதி காலியான பேட்டரியை 80 சதவீதம் வரை ஏத்த 45 ஏஎச் வேணும். சார்ஜிங்ல வீணாகறதைச் சேர்த்து 20 ஆம்ப்ல ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும். ஐடிலிங்ல மணிக்கு 0.7 லிட்டர்னா 1.8 லிட்டர் பெட்ரோல். அந்த 45 ஏஎச் உங்களுக்கு மூணே முக்கால் மணி நேரம் ஓடும். பழைய 75 வாட் ஃபேன்னா ரெண்டேகால் மணி கூட தாங்காது. 80க்கு மேல ஏத்தாதீங்க, கரண்ட் குறைஞ்சுக்கிட்டே போகும், பெட்ரோல் மட்டும் அதே அளவு எரியும். ஏத்தும்போது ஃபேன், லைட் எல்லாத்தையும் நிறுத்துங்க. 20 ஏத்தி 12ஐ உடனே எடுத்தா கையில நிக்கிறது 8. மெயின் கரண்ட் வந்ததும் 10, 12 மணி நேரம் முழுசா சார்ஜ் ஏறவிடுங்க. அரைகுறையா விட்டு வெச்சா பிளேட்ல சல்பேட் படிஞ்சுடும்.

மாந்தோப்பு:

ஐடிலிங்ல 20, 25 ஆம்ப்புக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஆல்டர்னேட்டர் மேல 80 ஆம்ப்னு இருந்தாலும் அது இன்ஜின் வேகமா சுத்தும்போது. சூடேறின பிறகு ஐடிலிங்ல பாதி கிடைச்சாலே பெரிசு, அதுலயும் ஃபியூவல் பம்ப், இக்னிஷன், ரேடியேட்டர் ஃபேன் தன் பங்கை எடுத்துக்கும். ஏசி போடாதீங்க.

எங்க நிறுத்தறீங்கன்றது எல்லாத்தையும் விட முக்கியம். போர்டிகோவிலயோ ஷீட் கொட்டகையிலயோ ஓட்டக்கூடாது. புகைக்குழாய் ஜன்னலைப் பார்த்து இருக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கறவங்க எழுந்திருக்க மாட்டாங்க. மழைன்னு காரை உள்ள தள்ளி வைக்கிறது தான் ஆபத்து. நம்ம பக்கம் களத்துல கேழ்வரகுத் தாள், கடலைக்கொடி பரப்பி இருக்கும், அது மேலயும் நிறுத்தாதீங்க. காருக்கு அடியில இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் பண்ற பாகம்) சூட்டுல காஞ்ச தாள் பத்திக்கும். வெள்ளத்துல நின்ன காரை மெக்கானிக் பார்க்காம ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

டியூபுலர் பேட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பக்கத்துல சாமி விளக்கோ மெழுகுவத்தியோ வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். டிஸ்டில்டு வாட்டர் அளவை மழைக்கு முன்னாடியே பார்த்து வைங்க.

மலைக்காற்று:

தேன்கனிக்கோட்டையில ரெண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் இன்வெர்ட்டர் இருக்கு. இதே மாதிரி செய்யலாமா? லித்தியம் பேட்டரின்னா?

பர்கூர் வோல்ட்:

12ல இருந்து 24க்கு ஏத்தற டிசி-டிசி சார்ஜரா வாங்குங்க. ஒரு பேட்டரியை மட்டும் தனியா ஏத்தினா ரெண்டும் சமமில்லாம போயி, பலவீனமான பேட்டரி சீக்கிரம் சாகும். லித்தியத்துக்கு ஜம்பர் கேபிள் கூடவே கூடாது. உள் ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைவு, ஆல்டர்னேட்டரை முழுசா உறிஞ்சிச் சுட்டுடும். நடுவுல பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) கட் பண்ணினா வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் டையோடு போகலாம். லித்தியம் செட்டிங் இருக்கிற சார்ஜர் கட்டாயம். வீட்ல வி2எல் (கார் பேட்டரியில இருந்து வெளி சாமான்களுக்கு கரண்ட் கொடுக்கிற வசதி) உள்ள மின்சாரக் கார் இருந்தா இந்த வேலையே வேண்டாம். 2023ல வந்த புது டாடா நெக்ஸான் இவியில இருந்து, அந்த வசதி உள்ள மாடல் 3.3 கேவிஏ வரை வெளிய கொடுக்கும்.

செப்புக்கம்பி:

தென்பெண்ணைக்கரை, மாசாந்திர பராமரிப்புக்கு காலையில கரண்ட் நிறுத்துவாங்கல்ல, அன்னைக்கு ஒத்திகை பாருங்க. 20 நிமிஷம் ஓடினதும் டிசி கிளாம்ப் மீட்டர்ல ஆம்ப் பாருங்க, அப்புறம் ஒவ்வொரு லக் (ஒயர் முனையில மாட்டற உலோக வளையம்) பக்கத்திலயும் ஒயர் ரப்பர் மேல கை வெச்சுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா ஒயர் மேல குத்தமில்ல, கிரிம்ப் (லக்கை ஒயர்ல நசுக்கிப் பிடிக்க வெச்ச இடம்) சரியில்ல. வெட்டிட்டு, ஹைட்ராலிக் கிரிம்பர் வெச்சிருக்கிற ஆள்கிட்ட கொடுத்து மறுபடி போட்டுக்குங்க.