லாவோ இளைஞர்கள் கதையில் பாசி சடங்கு: எப்படி எழுதச் சொல்வது?

மீகாங்கரை கேட்டது:
எழுதத் தொடங்கியிருக்கும் லாவோ இளைஞர்களின் கதைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலோர் லாவோஸில் ஆட்சி மாறிய 1975-க்குப் பின் நாட்டைவிட்டுப் போன குடும்பத்துப் பிள்ளைகள். கதைக்குக் கதை பாசி, அதாவது கையில் நூல் கட்டும் சடங்கு வருகிறது, ஆனால் சுற்றுலாக் கையேடு மாதிரி: வெள்ளை நூல், கண்ணீர், முற்றும். என்ன சொல்லித் திருத்துவது?

வாழைக்குருத்து:
முதலில் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த வீட்டில் யாருடைய க்வன், எதனால் விலகிப் போனது? க்வன் என்றால் உடம்பைக் காக்கும் உயிர்ச்சக்தி, மொத்தம் 32 என்பது நம்பிக்கை. பயம், நோய், நெடும்பயணம், பிரசவம் என்று ஏதாவது வந்தால் அவை அலையப் போய்விடும். அவற்றைக் கூப்பிட்டு உடம்போடு கட்டிவைப்பதுதான் பாசி. சூ க்வன் என்றும் சொல்வார்கள். கல்யாணம், புது வீடு, ஏப்ரல் புத்தாண்டு எதற்கும் நடக்கும். காரணம் கதையில் இல்லையென்றால் சடங்கு வெறும் தோரணம்தான்.

அடுத்து பா க்வன், சடங்கின் நடுவில் வைக்கும் இலை அலங்காரம். வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டி, வெள்ளிக் கிண்ணத்தில் அடுக்கடுக்காக ஏற்றி, துலுக்கச் சாமந்தி செருகி, மூங்கில் குச்சிகளில் நூலைத் தொங்கவிடுவார்கள். சுற்றிலும் அவித்த முட்டை, கோழி, வாழைப்பழம், ஒட்டரிசிச் சோறு, லாவ் லாவ் சாராயம். இதைச் செய்வது பெரும்பாலும் வீட்டு மூத்த பெண்கள். எல்லோரும் நூல் கட்டும் காட்சிக்கே ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் கதை இந்த இலை மடிக்கும் பாயில்தான் இருக்கிறது. யார் கூம்பைப் பிரித்து மறுபடி சுருட்டச் சொல்கிறார், எந்த மருமகளைத் தொடவிடவில்லை என்பதை எழுதட்டும்.

சபை_ஓரம்:
அடிக்கடி பார்க்கும் பிழை, பிக்குவைச் சடங்கு நடத்த வைப்பது. நடத்துபவர் மோ போன், இல்லறத்தார். பெரும்பாலும் முன்பு துறவியாக இருந்தவர்.

நூல் கட்டும் விதமும் முக்கியம். கட்டுவதற்கு முன் நூலால் கையை வெளிப்பக்கமாகத் தடவினால் கெட்டது போகும், உள்பக்கமாகத் தடவினால் நல்லது வரும். கட்டிக்கொள்பவர் ஒரு கையை நீட்டி, மற்றதைப் பாதி வணக்கமாக முகத்தருகே உயர்த்துவார். நீட்டிய உள்ளங்கையில் முட்டையோ பழமோ வைப்பதும் உண்டு. எட்டாதவர்கள் முன்னால் இருப்பவரின் முழங்கையைத் தொட்டுக்கொள்வார்கள். நூலைக் குறைந்தது மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள், கத்தரியால் வெட்டமாட்டார்கள். நாயகி மறுநாளே வெட்டி எறிந்தால் அது கலகம். எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் நடக்கக் கூடாது.

லாவோஸின் இன்னொரு இனமான ஹ்மோங் பாத்திரமாக இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். அவர்களுக்கும் உயிரழைப்பும் நூல் கட்டுவதும் உண்டு, ஆனால் சடங்கு வேறு.

மீகாங்கரை:
நன்றி. மோ போன் க்வனை அழைத்து ஓதுவதை முழுசாகப் போடலாமா? லாவோ எழுத்திலும் எழுத விரும்புகிறார்கள்.

வாழைக்குருத்து:
வேண்டாம். வாசகர் தாண்டிப் போய்விடுவார். 'மா தே க்வன் ஓய்' (வா, க்வனே) என்ற அழைப்பு இரண்டு இடத்தில் போதும். அதை விட, நூல் கட்டும்போது ஒவ்வொருவரும் தாழ்ந்த குரலில் சொல்லும் வாழ்த்துதான் வசனத்துக்கு உதவும். அத்தைக்குச் சீக்கிரம் பேரன் வேண்டும், மாமாவுக்கு இவன் படிப்பை முடிக்க வேண்டும்: மனிதர்கள் அங்கே பிரிந்து தெரிவார்கள். ஆயுள், வனப்பு, சுகம், பலம் என்ற பாலி வாழ்த்தை எல்லார் வாயிலும் வைத்தால் ஒரே ஆள் பேசுவது போலாகிவிடும்.

லாவோ எழுத்துக்கு: யூனிகோட் எழுத்துருவில் மட்டும், உதாரணமாகப் பெட்சரத் ஓடி. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு மற்றவர் கணினியில் குப்பையாகத் தெரியும். சொற்களுக்கிடையே இடைவெளி விடாத மொழி என்பதால் வரி நடுச்சொல்லில் உடையும். சொல் முடிவில் அகலமில்லா இடைவெளிக் குறி போட்டால் சரியாகும். இன்னொன்று, ரகர எழுத்து 1975-க்குப் பிறகு எழுத்துமுறையிலிருந்து நீக்கப்பட்டது. தாத்தா 1960-களில் எழுதிய கடிதம் கதையில் வந்தால் அது அங்கே இருக்க வேண்டும்.