புதுப்பிப்பு: நாயின் கால் புண்ணும் மருத்துவத் தேனும்

எங்கள் நாயின் பின்னங்காலில் தோல் உரிந்து, தையல் போட முடியாமல் இருந்த புண்ணுக்குத் தேன் தடவலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுச் சரி என்றார். புண் இப்போது நன்றாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் சமையலறைத் தேன் கூடாதாம். அதில் குளோஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். மருத்துவத் தேனைக் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்திருப்பார்கள். சூடாக்கினால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சூட்டில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி கெட்டுவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக உண்டாக்கிக் கிருமிகளை ஒடுக்குவதே அதுதான். (நியூசிலாந்தில் வளரும் மனுக்கா செடியின் பூக்களிலிருந்து வரும் தேனில் அந்த வேலையைப் பெரும்பாலும் மெத்தில்கிளையாக்சால் என்ற வேதிப்பொருள் செய்கிறது.)

தேன் புண்ணிலிருந்து நீரை இழுப்பதால் ஆரம்பத்தில் கட்டு சீக்கிரமே நனைந்தது, தினமும் மாற்றினோம். தேனைப் புண்ணில் ஊற்றுவதைவிடக் கட்டுத்துணியில் தடவி வைப்பது எளிது. சிவந்த புதுச் சதை வந்ததும் தேனை நிறுத்தி, ஒட்டாத சாதாரணக் கட்டுக்கு மாற்றச் சொன்னார்.

பெரும்பாடு நக்காமல் பார்த்துக்கொள்வதுதான். இனிப்பாச்சே! கழுத்துக் கூம்பு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். அப்புறம், கடிபட்ட ஆழமான துளைப் புண்ணில் நீங்களாக இதை முயல வேண்டாம்; உள்ளே சீழ் கட்டினால் வெளியே தெரியாது.