பர்மா சிப்பாய் பொம்மை: கால் தரையில் பதியவே மாட்டேன் என்கிறது

குலசேகரத்துக்காரன் எழுதியது:

எங்கள் பாட்டா இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய் வந்தவர். பட்டாளச் சட்டையோடு எடுத்த ஸ்டுடியோ போட்டோ ஒன்றுதான் மிச்சம். அதைப் பார்த்து 1/16 அளவில் ஒரு சிப்பாய் செய்கிறேன். வைண்டிங் கடையில் வாங்கிய செம்புக் கம்பியில் உடம்புக்கூடு, அதன்மேல் எம்-சீல். இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கால்சட்டை மடிப்பு போடுவதற்குள் எம்-சீல் இறுகிவிடுகிறது. போன வாரம் மழையில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். ஆள் திருநீறு பூசினாற்போல் வெளுத்துவிட்டார். ரப்பர் தோட்டத்துச் செம்மண்ணை ஃபெவிகாலில் குழைத்துத் தரை போட்டேன். காய்ந்ததும் செங்கல் சூளை மாதிரி ஆகிவிட்டது. பாட்டாவை அதன்மேல் யாரோ தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. சட்டை காக்கியா பச்சையா என்பதும் குழப்பம். படம் இணைத்திருக்கிறேன்.

செங்கோட்டை ரயிலடி எழுதியது:

வெளுப்புக்குக் காரணம் காற்றிலுள்ள ஈரம்தான். இடவப்பாதி மழையில் ஸ்பிரே அடித்தால் அப்படித்தான் ஆகும். சுரண்டிவிடாதீர்கள். மேலே கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷைத் தூரிகையால் மெல்லிசாக ஒரு கோட் பூசுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். வெயில் அடிக்கிற நாளில் மறுபடி மேட் அடிக்கலாம். எம்-சீலுக்கு மாற்றாக மில்லிபுட் கிடைத்தால் வாங்குங்கள், இறுக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். விலைதான் கடி.

ஈர்க்கில் எழுதியது:

தம்பி, நான் மார்த்தாண்டத்தில் போர்டு எழுதுகிறவன். ஃபிளெக்ஸ் வந்தபிறகு கை சும்மா இருக்கிறதே என்று பொம்மைக்கு வந்தேன்.

எம்-சீலே போதும். மொத்தமாகப் பிசையாதீர்கள். இன்றைக்கு ஒரு முழங்கால், நாளைக்கு மற்றது. நெல்லிக்காய் அளவுதான் ஒரு தடவைக்கு. மடிப்பு போட ஈர்க்கிலைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. ஒட்டாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தொடலாம். ஆனால் இறுகியதும் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் பெயிண்ட் தோல் தோலாக உரியும். எனக்கு ஒரு ஹவில்தாரின் மூஞ்சியே உரிந்து வந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று: துப்பாக்கி நீளம் தப்பு. அந்தக் காலத்து லீ-என்ஃபீல்ட், அதாவது நம்பர் 1 மார்க் 3, 113 செ.மீ. பதினாறில் ஒரு பங்கு 7 செ.மீ. சொச்சம். படத்தில் உங்கள் அளவுகோலை வைத்துப் பார்த்தால் 9 வருகிறது. 170 செ.மீ. ஆள் என்றால் பொம்மை பத்தரை செ.மீ.தான். துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றினால் குழல்வாய் நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். வெட்டிக் குறையுங்கள்.

சட்டை நிறம் வருஷத்தைப் பொறுத்தது. 1942இல் பர்மாவிலிருந்து பின்வாங்கி வந்தவர்கள் காக்கியில்தான் வந்தார்கள். 1944இல் என்றால் காட்டுப் பச்சை. போட்டோவில் உள்ள சட்டையையே சண்டையிலும் போட்டிருந்தார் என்று நம்பிவிடாதீர்கள். பச்சையை வெளுக்க வைக்க வெள்ளை கலக்க வேண்டாம், சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகும். மஞ்சள் ஓக்கர் கலந்து, முதுகிலும் கக்கத்திலும் மட்டும் வேர்வை உப்புக்கு லேசான வெள்ளைக் கோடு இழுங்கள். முகத்துக்கும் அதே கதைதான். நம் ஆட்களின் நிறத்துக்கு பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), ஓக்கர், துளி சிவப்பு. வெளிச்சம் விழும் இடத்துக்கு ஓக்கரைக் கூட்டுங்கள்.

இனி மண். எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். நம்மூர்ச் செம்மண் மணியை 16ஆல் பெருக்கிப் பாருங்கள், அது கூழாங்கல். பழைய வேட்டித் துணியில் சலித்து, தூளை மட்டும் எடுங்கள். வேண்டாத வாணலியில் நன்றாக வறுங்கள், இல்லாவிட்டால் இந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும். மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல் அழகாக இருக்கிறதே என்று அதையும் போட்டுவிடாதீர்கள், பொம்மைக்குக் கீழே மின்னிக்கொண்டே இருக்கும். பசையில் மண் கறுக்கும். அதனால் பசை காய்ந்தபின் அதே மண்ணின் உலர் தூளை மேலே தட்டிவிட்டால்தான் உண்மை நிறம் திரும்பும்.

ஆள் பதியாததற்குக் காரணம் நிறம் அல்ல, எடை. தரை ஈரமாக இருக்கும்போதே பூட்ஸை அழுத்தி, ஓரத்தில் சேறு பிதுங்கி எழும்ப விடுங்கள். பின்னால் இரண்டு காலடித் தடமாவது வேண்டும். தரையில் போட்ட அதே மண்ணைக் குழைத்து பூட்ஸ், கணுக்கால் பட்டை, முழங்கால் வரை ஏற்றுங்கள். கீழே கெட்டியாக, மேலே போகப்போகத் தெறிப்பாக. ரப்பர் தோட்டத்தில் டாப்பிங் (பால் வெட்டு) முடிந்து வீட்டுக்கு வருகிற ஆளின் காலைப் பாருங்கள், புரியும். அப்புறம், பாட்டா எங்கே நின்றார்? நாகாலாந்துக் கொஹிமா மழை என்றால் சேறு. 1945 மார்ச், நடு பர்மாவின் மெய்க்டிலா என்றால் வறண்ட புழுதி, இந்தச் செம்மண் வேலைக்கே ஆகாது.

குலசேகரத்துக்காரன் எழுதியது:

போட்டோவின் பின்னால் 1943 என்று பென்சிலில் இருக்கிறது. மெய்க்டிலா என்ற பேரை வீட்டில் கேட்டதில்லை. கொஹிமா மலையில் நெஞ்சளவு குழியில் மழையோடு கிடந்ததாகப் பாட்டி சொல்லுவார். அப்படியானால் பச்சை, சேறு. துப்பாக்கியை வெட்டிவிட்டேன். பூட்ஸில் ஏற்றிய மண், காய்ந்ததும் வெடிக்கிறதே அண்ணே?

ஈர்க்கில் எழுதியது:

ஒரே தடவையில் அப்பியிருப்பீர்கள். மூன்று தடவையாகப் போடுங்கள், நடுவில் ஒரு ராத்திரி விட்டு. வெடித்த இடத்தில் இரண்டை மட்டும் அப்படியே விடுங்கள், காய்ந்த சேறு வெடிக்கத்தான் செய்யும்.