பழைய பொரித்த எண்ணெயில் டீசல்: லாண்ட்மாஸ்டருக்குச் சரிவருமா?

உப்புவெளிக் கடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அண்ணாவோடு சேர்ந்து திருகோணமலை உப்புவெளியில் சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். ரோல்ஸ், வடை, பொரித்த மீன் எல்லாம் போடுவதால் சீசன் நேரத்தில் கழிவு எண்ணெய் கான் கானாகச் சேருகிறது. பக்கத்து ஹோட்டல்காரர்களும் தங்களுடையதை எடுத்துக்கொண்டு போ என்கிறார்கள். இதில் பயோடீசல் செய்யலாம் என்று வீடியோக்களில் பார்த்தேன். ஆனால் எல்லாம் குளிர்நாட்டுக் கதை.

எங்களிடம் ஒரு பழைய லாண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மெஷின்) கடைக்கு ஒரு டீசல் ஜெனரேற்றரும் இருக்கிறது. மச்சானுக்கு அவுட்போர்ட் மோட்டர் போட்ட போட் ஒன்றும் உண்டு. மூன்றுக்கும் விடலாமா? இங்கே யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வீட்டுக் குசினியில் வைக்கக்கூடாது என்று மனைவி இப்போதே சொல்லிவிட்டாள்.

திருக்கடலூரான்:

போட்டை விட்டுவிடு மச்சான். அவுட்போர்ட் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுகிற சாமான், பிளக் பொறியில் எரிவது. டீசல் எஞ்சினுக்குச் செய்கிற எண்ணெய் அதற்குள் போனால் கடலில் நின்றுதான் கையைக் காட்ட வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெயை 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆக்கினபோது எங்கள் ஆட்களும் இதைத்தான் யோசித்தார்கள். உள்ளே டீசல் எஞ்சின் வைத்த பெரிய போட் என்றால் வேறு கதை.

தம்பலகாமம் லாப்காரர்:

தம்பி, உங்கள் மனைவி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

எண்ணெயைப் பயோடீசல் ஆக்க மெதனோல் என்கிற அல்கஹோலும் கோஸ்டிக் சோடாவும் வேண்டும். மெதனோலின் ஆவி 11, 12 பாகையிலேயே பற்றும். மார்கழி வாடையிலும் திருகோணமலை அவ்வளவு குளிராது. அதனால் மூடி திறந்த மெதனோல் கான் இங்கே எந்த நேரமும் பற்றத் தயாராகத்தான் இருக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியவும் மாட்டாது. கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும், கூடினால் ஆளே போவார். தோலாலும் ஊறும். நான் வயற்கரையில், நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையில்தான் செய்கிறேன். காஸ் அடுப்பு, விறகு, பீடி எதுவும் கிட்ட வராது.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். 2022 ஜூன் கடைசியில் டீசல் 460 ரூபாவுக்கு ஏறி, அந்த விலைக்கும் பெற்றோல் செட்டில் இல்லாமல் போன நேரத்தில் தொடங்கினேன். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில் வெறும் கானோடு வரிசையில் நின்ற கடுப்பும் ஒரு காரணம்.

முதல் எதிரி தண்ணீர். மீன் பொரித்த எண்ணெயில் அது கட்டாயம் இருக்கும். சில நாள் அசையாமல் வைத்து, அடி மண்டியை விட்டு மேலே உள்ளதை மட்டும் பழைய சாரத்துணியில் வடியுங்கள். பிறகு 110, 120 பாகை வரைக்கும் சூடாக்குங்கள். ஒரு துளியைச் சுட்ட தகரத்தில் விட்டுப் பாருங்கள். சடசடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பேசாமல் கிடந்தால் காய்ந்துவிட்டது. ஈரத்தோடு செய்தால் டீசல் வராது, சவர்க்காரம்தான் வரும்.

அடுத்தது புளிப்பு பார்ப்பது. வீடியோக்காரர்கள் இதைத்தான் ஓட்டிவிடுகிறார்கள், வேலை முழுக்க இதில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் அமிலம் கூடும். எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரியாமல் கோஸ்டிக் சோடா அளக்க முடியாது. ஒரு லீற்றர் வடித்த நீரில் ஒரு கிராம் கோஸ்டிக் சோடாவைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு சின்னக் கண்ணாடியில் 10 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பைல் அல்கஹோல், அதில் ஒரு மில்லிலீற்றர் எண்ணெய். நிறம் காட்ட பினோல்ப்தலீன் தேடி அலைய வேண்டாம். மஞ்சள்தூளை அதே அல்கஹோலில் ஊறவைத்துத் தெளிவை எடுத்தால் போதும். அதில் சில சொட்டு விட்டு, சிரிஞ்சால் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். மஞ்சள் நிறம் சட்டென்று செம்மைக்குத் திரும்பும், உடனே மறுபடி மஞ்சளாகும். திரும்பிய செம்மை பத்துப் பதினைந்து விநாடி அப்படியே நின்றால் அதுதான் முடிவு. எத்தனை மில்லிலீற்றர் போனதோ, அதை 3.5 உடன் கூட்டுங்கள். 2 போயிருந்தால் எண்ணெய் லீற்றருக்கு 5.5 கிராம் கோஸ்டிக் சோடா. சமையல் தராசு சரிவராது, நகை நிறுக்கிற சின்னத் தராசு வாங்குங்கள். மலசலகூடக் குழாய் அடைப்புக்கு விற்கிறவற்றில் அலுமினியத் துண்டு கலந்தவையும் உண்டு, அவை வேண்டாம். அலுமினியப் பானையும் ஆகாது. சோடா அதை அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும்.

மெதனோல் பொதுவாக எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு என்பார்கள். தேங்காயெண்ணெய்க்கு அது காணாது. அதன் மூலக்கூறு சின்னது, லீற்றருக்கு எண்ணிக்கை கூட. நான் நாலில் ஒரு பங்கு விடுகிறேன். பாம் ஒயில் என்றால் ஐந்தில் ஒன்று போதும்.

சோடாவை மெதனோலில் போட்டு, தடித்த பிளாஸ்டிக் கானில் மூடி கரையவிடுங்கள். தானாகவே சூடேறும், பயப்பட வேண்டாம், ஆனால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எண்ணெய் 55 பாகையில் இருக்க, ஹீற்றரை நிறுத்திவிட்டுத்தான் கலவையை ஊற்ற வேண்டும். 65 பாகைக்குக் கிட்ட மெதனோல் கொதித்துவிடும். மூடிவைத்து ஒரு மணி நேரம் கலக்கி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் அடியில் தேயிலைச் சாயம்போல் கறுத்த கிளிசரின் தனியாக நிற்கும். அதை அடியால் வடித்துவிடுங்கள்.

அந்தக் கிளிசரினில் மெதனோல் மிச்சம் இருக்கும், மூடி வையுங்கள். நம்முடைய டவுனில் கோட்டைப் பக்க மான்கள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற சாதி, மாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிணற்றுப் பக்கம் ஊற்றவும் கூடாது. உப்புவெளி மணல் எல்லாவற்றையும் உடனே கீழே இறக்கிவிடும்.

பிறகு மேலே நின்ற பயோடீசலைத் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும். முதல் கழுவலில் குலுக்கினால் பால்போல் கட்டிக்கொண்டு பிரியாது, மெல்லத் தூவுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றி மாற்றிக் கழுவி, காயவிடுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அகலத் தட்டில் விட்டாலே கண்ணாடிபோல் தெளியும். வாடைக் காலத்தில் எவ்வளவு வைத்தாலும் மங்கல் போகாது, மறுபடி சூடாக்கத்தான் வேண்டும். குளிர்நாட்டுக்காரர் பயப்படுகிற உறைதல் மட்டும் நமக்கு இல்லை. பாம் ஒயிலில் செய்தது 15 பாகைக்குக் கிட்ட மங்கத் தொடங்கும், இங்கே அது எப்போது வரப்போகிறது!

காசுக் கணக்கு: லீற்றர் மெதனோலின் விலையில் ஐந்தில் ஒன்றோ நாலில் ஒன்றோ எடுத்து, சோடாவும் சூடாக்கும் செலவும் சேருங்கள். எண்ணெய் சும்மா கிடைத்தால்தான் லாபம். காசு கொடுத்து எண்ணெய் வாங்கினால் செட்டுக்கே போங்கள்.

சீனக்குடா மெக்கானிக்:

அண்ணர் சொன்னதற்கு மேல் எஞ்சின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். லாண்ட்மாஸ்டருக்குப் பிரச்சினை இல்லை. ஜெனரேற்றரும் பழைய வகை என்றால் ஓடும். முதலில் சாதாரண டீசலில் ஐந்தில் ஒரு பங்கு கலந்து ஓட்டுங்கள். பயோடீசல் பழைய தாங்கியில் ஒட்டியிருக்கிற கசட்டைக் கரைத்து இறக்கும், பில்டர் அடைத்துப் புகை கக்கும். எண்ணெய் கூடாது என்று அப்போது ஆட்கள் கத்துவார்கள், பில்டரை மாற்றினால் சரி. கறுத்த ரப்பர் குழாய் நாள் போக ஊதி மென்மையாகும், மாற்றிவிடுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் சேர்த்து வைக்க வேண்டாம். இழுவை கொஞ்சம் குறையும், உழவில் தெரியும். புது வானுக்கு, உயர் அழுத்தத்தில் எண்ணெய் பீச்சுகிற கொமன் ரெயில் எஞ்சினுக்கு, வீட்டில் செய்ததை விட்டுவிட்டு என்னிடம் கொண்டுவராதீர்கள்.

உப்புவெளிக் கடைக்காரன்:

பெரிய உதவி அண்ணா. மஞ்சளில் சோதித்துப் பார்த்தேன். வடை எண்ணெய் 2 காட்டியது. மீன் பொரித்தது 7க்குப் போய்விட்டது. இரண்டையும் கலக்கலாமா? அப்புறம், செய்த டீசல் சரியா என்று எப்படித் தெரியும்?

தம்பலகாமம் லாப்காரர்:

கலக்க வேண்டாம். நல்லதும் கெட்டுவிடும். 7 காட்டியதில் நிறையச் சவர்க்காரமாகவே போகும், அதைச் சவர்க்காரம் செய்கிறவர்களுக்குக் கொடுங்கள். கந்தக அமிலம் விட்டுத் திருத்துகிற முறை ஒன்று இருக்கிறது, தொடங்குகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

சோதனை இப்படி: 27 மில்லிலீற்றர் மெதனோலில் 3 மில்லிலீற்றர் பயோடீசல் விட்டுக் குலுக்குங்கள். முழுதும் கரைந்து தெளிவாக நின்றால் சரி. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் மாறாத எண்ணெய் இருக்கிறது, மறுபடி கொஞ்சம் மெதனோலும் சோடாவும் விட்டு ஓட்ட வேண்டும். இந்தச் சோதனை 20, 22 பாகைக்கு வைத்தது. நம் வெக்கையில் கரையாததும் கரைந்து ஏமாற்றும். அதனால் போத்தலை ஐஸ் தண்ணீரில் வைத்து அந்த அளவுக்குக் குளிரவிட்டுப் பாருங்கள்.

வடை எண்ணெய் ஒரு லீற்றரில் முதலில் செய்யுங்கள். பிரியாவிட்டால் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.